காலரா என்று சொல்லக்கூடாது

விருப்ப ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் தலைமைச் செவிலியரை யாரும் காரணமில்லாமல் அழைப்பதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் திவ்யா அழைத்தாள். என்னிடம் வேலை பழகியவள். அவளுடைய வார்டில் ஒரே தெருவைச் சேர்ந்த காய்ச்சல்காரர்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்களாம். "என்ன காய்ச்சல்னு கேட்டா, காய்ச்சல்னு மட்டும் சொன்னா போதும்னு சொல்றாங்க மேடம். உங்க காலத்துலயும் இப்படித்தானா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டேன். அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

என் ஊர் குமரி மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டியது. படித்தது வேலூர்ப் பக்கம், ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய செவிலியர் பயிற்சிப் பள்ளியில். படுக்கை விரிக்கவும், ஊசிகளைக் கொதிக்க வைக்கவும், வாயைத் திறக்காமல் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டோம். அந்தப் படிப்பைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி வருடக் கோடையில் கிராமத்தில் தங்கி சுகாதாரப் பயிற்சி எடுக்க வேண்டும். அதை முடித்தால்தான் சான்றிதழ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த சமயத்தில், என்னையும் ஸ்டெல்லா என்ற என் வகுப்புத் தோழியையும் திருவண்ணாமலைக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் தங்கிய ஆரம்ப சுகாதார நிலையம் மலைக்குப் பின்பக்கம் இருந்தது. அடி அண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கட்டடத்தின் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த மலைப்பாறை பொழுது சாய்ந்த பிறகு அதை ஊர்மேல் கக்கும். தரையில் தண்ணீர் தெளித்து, ஈரச் சேலையை விரித்துப் படுப்போம். படுத்துக் கொஞ்ச நேரத்தில் சேலை மொடமொடவென்று காய்ந்துவிடும். சாப்பாடு எதிர்வீட்டில். கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல், கத்தரிக்காய்க் குழம்பு. நல்ல சாப்பாடுதான். ஆனால் மீன் இல்லாமல் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஸ்டெல்லா திண்டுக்கல்காரி. அழுகிறவளைத் தேற்றும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. என் பங்கையும் சேர்த்து அவளே சாப்பிட்டாள்.

காலையில் வெளிநோயாளிகள். புண்ணுக்குக் கட்டு, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு எடை. பிற்பகலில் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். போகிற இடமெல்லாம் என் பேச்சுக்குச் சிரிப்பு. எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்போம். "கொஞ்சம் வெள்ளம் தருவியளா?" என்று முதல் நாள் ஒரு வீட்டில் கேட்டுவிட்டேன். "மழையே காணோம், வெள்ளம் கேக்குது பாரு இந்தப் பொண்ணு!" என்று தெருவே கூடிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு தண்ணி என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பதறினால் மட்டும் பழைய வார்த்தை வாய்க்கு வந்துவிடும்.

நிலையத்துக்குப் பொறுப்பு டாக்டர் பரசுராமன். ஐம்பதை நெருங்கியவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டுகிற பெண்ணையும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பும் பின்பும் சட்டைக்கையை மடித்து, முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக் கண்ணை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுவார். சொந்தத் துண்டில் துடைத்து, அதைச் சதுரமாக மடித்து வைத்துவிட்டுத்தான் நோயாளியின் பக்கம் திரும்புவார்.

கற்றுக்கொடுப்பதில் அவருக்கு இணையாக நான் பிறகும் யாரையும் பார்க்கவில்லை. கசப்போடுதான் இதை எழுதுகிறேன், ஆனாலும் உண்மை. வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தையின் வயிற்றுத் தோலை என்னைக் கிள்ளி விடச் சொன்னார். "உடனே படிஞ்சுட்டா பயமில்ல. மடிப்பு அப்படியே நின்னுச்சுன்னா, நீ நிக்காத, ஓடு" என்றார். ஊசி குத்தும்போது, "கண்ணால நரம்பைத் தேடாதம்மா. விரலை வை. அதுவா உன் விரலுக்கு வரும். அவசரப்பட்டா ஓடிப்போயிடும்" என்பார். நான் தவறவிட்டால் அடுத்த கையை அவரே நீட்டிப் பிடித்துக் கொடுப்பார்.

பின்புறக் கொட்டகையில் ஒரு நாடாக்கட்டில் கிடந்தது. நடுவில் வட்டமாக ஓட்டை. எதற்கு என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"காலரா கட்டில். கீழ ஒரு பக்கெட் வச்சிடணும். உடம்புல இருந்து எவ்வளவு போகுதுன்னு பாத்து, அவ்வளவு தண்ணிய உள்ள ஏத்தணும். அவ்வளவுதான் வைத்தியம். தெரிஞ்சவங்க கையில ஒருத்தரும் சாக வேண்டியதில்ல" என்றார்.

அந்த வார்த்தையை அவர் தன் வாயால் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

சித்ரா பௌர்ணமிக்குச் சில நாட்கள் இருக்கும்போது பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு முதியவரைக் கட்டை வண்டியில் கொண்டுவந்தார்கள். வண்டியிலேயே உயிர் போயிருந்தது. கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கி இருந்தது. மறுநாள் அதே தெருவிலிருந்து செல்வி என்ற சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவள் தாய் ஓடிவந்தாள். அந்தத் தாயின் பெயர் பச்சையம்மாள். வயிற்றுத் தோலைக் கிள்ளினேன். மடிப்பு நின்றது. நான் ஓடினேன்.

டாக்டர் வந்து செல்வியின் கையில் அவரே சலைன் ஏற்றினார். பாவாடையை நனைத்துப் போயிருந்ததை எங்களுக்குக் காட்டி, "அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கு பாத்தீங்களா? நாத்தம் கூட இல்ல. மறக்காதீங்க" என்றார்.

"காலராவா சார்?" என்றாள் ஸ்டெல்லா.

அவர் கை கழுவப் போனார். எப்போதையும்விட அதிக நேரம் கழுவினார். துண்டை மடித்து வைத்துவிட்டு, "வயித்துப்போக்கும்மா. கோடையில வர்றதுதான்" என்றார்.

நான் கொட்டகைக்குப் போய் அந்தக் கட்டிலை இழுத்து வந்துகொண்டிருந்தேன். வராந்தாவிலேயே நிறுத்தினார். "திரும்பக் கொட்டகையிலயே போட்டுடு. அதைப் பாத்தா ஜனங்க இல்லாததெல்லாம் நினைப்பாங்க. பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல வர்ற ஊரு. நம்ம வாயில இருந்து ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, மேல இருக்கறவங்க நம்மள சும்மா விடுவாங்களா?" அப்போதும் குரல் ஏறவில்லை. கட்டிலைத் தூக்க அவரும் ஒரு பக்கம் பிடித்தார்.

பயிற்சிக்கு வந்த பெண் நான். மேலே யார் இருக்கிறார்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் குடித்தது ஒரே கிணற்றில். கிணற்று மேடு ஒரு பக்கம் இடிந்து, சாக்கடை உள்ளே கசிந்துகொண்டிருந்தது. நானும் ஸ்டெல்லாவும் பிளீச்சிங் பவுடர் எடுத்துப் போனோம். பவுடரைக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை வேறு வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி ஆட்டிவிட வேண்டும். எல்லாம் செய்தோம். கொஞ்ச நேரம் பொறுத்துத் தண்ணீரை எடுத்துச் சோதனைச் சொட்டு விட்டால் மஞ்சளாக மாற வேண்டும். மாறவில்லை. மூட்டை எப்போதோ பிரித்துப் போட்டது. வீரியமெல்லாம் போய் வெறும் சுண்ணாம்புதான் மிச்சம்.

டாக்டரிடம் சொன்னேன். "புது மூட்டை கேட்டா எதுக்குன்னு கேப்பாங்கம்மா. இருக்கறதையே ஜாஸ்தியா போடு" என்றார். சலைனும் அப்படித்தான். அலமாரியில் கொஞ்சம்தான் இருந்தது. கூடுதலாகக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லை.

செல்வி பிழைத்துக்கொண்டாள். அவள் படுக்கையில் இருந்தவரை பச்சையம்மாள் எங்களோடுதான் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் மோர் விற்பவள். மடியில் அவித்த வேர்க்கடலை கொண்டுவந்து என் கையில் திணிப்பாள். "இன்னா பொண்ணு நீ, தண்ணியப் போயி வெள்ளம்ன்ற. உன்னக் கட்டிக்கினு போறவன் பாடு திண்டாட்டம்தான்" என்று கன்னத்தைக் கிள்ளுவாள். வீட்டை விட்டு வந்த பிறகு என்னைத் தொட்டுப் பேசிய முதல் ஆள் அவள்தான்.

செல்வியை வீட்டுக்கு அனுப்பிய அன்று பிற்பகல் நான் தனியாக அந்தக் குடியிருப்புக்குப் போனேன். வருகிறாயா என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். "எனக்கு சர்டிபிகேட் வேணும்டி" என்றாள். கிணற்றடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அடுத்த தெருவில் இன்னும் சிலருக்கு வயிறு போகிறது என்று அங்கேதான் தெரிந்தது. எனக்குப் பதற்றமாகிவிட்டது. "இது சாதாரண வயித்துப்போக்கு இல்ல. காலரா. இந்தக் கெணத்து வெள்ளத்தக் குடிக்காதீங்க! மோருக்கு விடாதீங்க! பௌர்ணமிக்கு வர்ற அத்தனை பேருக்கும் போவும்!" என்று கத்தினேன்.

முதலில் சிரித்தார்கள். "கெணத்துல வெள்ளமாம்டி!" என்றாள் ஒருத்தி. காலரா என்ற சொல் அதற்குப் பிறகுதான் உறைத்தது. சிரிப்பு நின்றது. பச்சையம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கணவன் ஏழுமலை முன்னால் வந்தான். "டாக்டரு அப்படி ஒண்ணும் சொல்லலியே?" என்றான். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. "நான் சொல்றேன்" என்றேன். இருபது வயதுப் பெண், வெளியூர்ப் பேச்சு. நான் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன.

மறுநாள் காலை டாக்டர் தானே அந்தக் குடியிருப்புக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். வேப்பமரத்தடியில் நின்று அவர்களுடைய பேச்சிலேயே பேசினார். அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். "இது படிக்கிற பொண்ணு. நல்ல பொண்ணு. பயந்துகினு ஏதோ சொல்லிட்சு. வெயில் ஜாஸ்தி, அதான் வயிறு போவுது. தண்ணிய காய்ச்சிக் குடிங்க. வேற ஒண்ணும் கெடையாது" என்றார். எல்லார் முகத்திலும் உயிர் திரும்பியது. பச்சையம்மாள் என்னைப் பார்த்து, போகட்டும் விடு என்பதுபோல் சிரித்தாள். அந்த வெயிலில் விறகு பொறுக்கித் தண்ணீர் காய்ச்சி, ஆற வைத்து மோர் கலக்க யாரால் முடியும்? டாக்டருக்கும் அது தெரியும். "சார், அவங்க காய்ச்ச மாட்டாங்க" என்றேன் திரும்பும் வழியில். "சொல்றது நம்ம கடமை. சொல்லிட்டோம்ல?" என்றார்.

பௌர்ணமி வந்தது. பாதை முழுக்கத் தலைகள். பச்சையம்மாள் பாறையடி நிழலில் இரண்டு பானையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் நீட்டினாள். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு. அந்த மோரைக் குடித்தவர்கள் எந்தெந்த ஊர்களுக்குப் போனார்கள், அங்கே என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயலவும் இல்லை.

கூட்டம் கலைந்து சில நாட்களில், உச்சிவெயில் நேரத்தில், ஏழுமலை சைக்கிள் பின்னிருக்கையில் பச்சையம்மாளைத் துண்டால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு வந்தான். முந்தைய நாளே ஆரம்பித்துவிட்டதாம். வெறும் வயிற்றுப்போக்குதானே என்று சோடா வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறான். கன்னமெல்லாம் ஒட்டி, குரல் போய், உதடு மட்டும் அசைந்தது. கையைப் பிடித்தேன். நாடி தட்டுப்படவில்லை. விரலை வைத்தேன். எந்த நரம்பும் என் விரலுக்கு வரவில்லை.

டாக்டர் என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கையிலும் முயன்றார். பிறகு கால்மாட்டுக்குப் போனார். உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே மருந்தால் துடைத்து, கத்தியால் குறுக்கே சிறியதாகக் கீறினார். கத்தரியின் நுனியால் சதையை விலக்கிக்கொண்டே போனார். தட்டையாக, வெள்ளை நூல் போல ஒரு நரம்பு கிடந்தது. அதன் அடியில் இரண்டு நூல்களைக் கோர்த்து, கீழ்நூலை இறுக்கி, மேல்நூலை என்னிடம் தூக்கிப் பிடிக்கக் கொடுத்தார். நரம்பில் ஒரு கீறல் வைத்துக் குழாயை உள்ளே செலுத்தினார். சலைன் சொட்டத் தொடங்கியது. பிறகு வேகமாக ஓடியது.

பச்சையம்மாள் கண் திறந்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். "தண்ணி" என்றாள். வாயில் ஈரத்துணியை வைத்தேன்.

அப்போது ஸ்டெல்லா அலமாரியைத் திறந்துபார்த்துவிட்டு வந்தாள். "சார், இதுதான் கடைசி பாட்டில்."

அவளுக்கு இன்னும் எத்தனையோ பாட்டில்கள் ஏற வேண்டும். டாக்டர் திருவண்ணாமலை டவுனுக்கு ஜீப்பை அனுப்பினார். பாட்டில் காலியானது. ஜீப் வரவில்லை. உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியால் புகட்டினோம். எல்லாம் வெளியே வந்தது. அவர் நரம்புக் குழாயைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வியர்வை மூக்கு நுனியில் திரண்டு சொட்டியது. துடைக்கவே இல்லை. தெரிந்தவர்கள் கையில் ஒருத்தரும் சாக வேண்டியதில்லை என்று சொன்ன மனிதரின் கையில்தான் அவள் உயிர் போனது. ஜீப் நிறையச் சலைனோடு வந்தபோது நான் அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன்.

வராந்தாவில் ஏழுமலை குந்தியிருந்தான். டாக்டர் அவன் தோளைத் தொட்டு, "வெயில் தாங்கலப்பா. இருதயமும் பலவீனம்" என்றார்.

ஏழுமலை அவரைத் தாண்டி என்னைப் பார்த்தான். "அன்னிக்கி நீ ஒரு பேரு சொன்னியேம்மா. அதுவா இது?"

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாம்ணே. அதுதான்" என்றேன்.

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். டாக்டரை அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "உன் பேச்சு எங்களுக்குச் சிரிப்பா இருந்திச்சும்மா" என்றான்.

அந்த வாரமே பள்ளியிலிருந்து ஆசிரியை வந்து என்னை அழைத்துப்போனார். டாக்டர் என்னைப் பற்றிக் கெட்டதாக எதுவும் சொல்லவில்லையாம். "கை நல்ல கை. வாய்தான் அடங்கல. இன்னொரு வருஷம் பழகட்டும்" என்றாராம். என் பயிற்சி செல்லாது என்று வைத்து, அடுத்த கோடையில் வேறொரு ஊரில் மறுபடியும் செய்யச் சொன்னார்கள். ஸ்டெல்லா தேறி வெளிநாடு போனாள். என் ஊரில் நான் பரீட்சையில் தோற்றுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அப்பா கடற்கரைக்குப் போவதைக்கூடக் கொஞ்ச நாள் தவிர்த்தார். அவரிடம் எதைச் சொல்ல?

அதற்குப் பிறகு தெற்கே பல ஊர்களில் வேலை பார்த்தேன். என் வார்டில் சலைன் தீர்ந்ததில்லை. அதற்காகச் சண்டைக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரால் பதவி உயர்வு தாமதமாகத்தான் வந்தது. நரம்பு கிடைக்காத குழந்தைகளை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு தடவையும் விரலை வைக்கும்போது அவர் குரல் காதில் விழும். அதை மட்டும் என்னால் பிடுங்கி எறிய முடியவில்லை. பார்த்தே இராத யாரோ ஒரு மேலதிகாரியை அத்தனை வருடமும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில், உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்காகத் திருவண்ணாமலை போக நேர்ந்தது. டாக்டர் பரசுராமன் ஓய்வு பெற்று வேங்கிக்கால் பக்கம் புதுவீடு கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். போனேன். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவரே கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரவைத்து, கை கழுவிவிட்டு வந்து, தானே காபி போட்டுக் கொடுத்தார். எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். "நல்லா வந்துட்டம்மா. எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"சார், அந்தச் சித்ரா பௌர்ணமி சமயத்துல, மறைக்கச் சொல்லி உங்கள மிரட்டினது யாரு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். புரிந்ததும் அவர் முகத்தில் ஆச்சரியம்தான் தெரிந்தது. "யாரும் சொல்லலியேம்மா. சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியாதா? வேலூர்ல பசங்க படிச்சிக்கினு இருந்தாங்க. தூக்கி எங்கயாவது போட்டுட்டா?" என்றார்.

"நீங்க மேல சொல்லியிருந்தா?"

"ஒருவேளை லாரி நிறைய மருந்து அனுப்பியிருப்பாங்க. யாரு கண்டா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்துகொண்டேன். அவரிடம் பச்சையம்மாளின் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. கணுக்காலில் நரம்பு எடுத்தீர்களே என்றதும் நினைவு வந்தது. "ஆமா, ஆமா. அருமையா கெடச்சுது அந்த நரம்பு. பாவம், இருதயம் பலவீனம்" என்றார்.

"சார், அது காலரா" என்றேன்.

அவருக்கு இனி இடமாற்றம் கிடையாது. கேள்வி கேட்க மேலதிகாரி கிடையாது. அந்தக் கூடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் அவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பி, யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று பார்த்தார்.